ஒட்டும் வால்பேப்பரும் ஒரு கறுத்த சுவரும்: ஆறாயிரம் ரூபாயில் படுக்கையறை

11 செப்டம்பர் 2025, மாலை 5.10 (கேள்வி, மொரிஷியஸின் போ பாஸேனிலிருந்து)

எங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து. ஒரு சுவரில் கறுப்புப் புள்ளிகள். தீபாவளிக்கு மாமியார் வந்து ஒரு வாரம் தங்கப் போகிறார், அந்த அறையைத்தான் கொடுக்க வேண்டும். கையில் ஆறாயிரம் ரூபாய், ஒரு சனி, ஒரு ஞாயிறு. பின்பக்கம் பசை வைத்த வால்பேப்பர் நாலு ரோல் வாங்கி அந்தச் சுவரை மூடிவிட்டால் அறையே புதிதாகிவிடும் என்கிறாள் தோழி. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

11 செப்டம்பர், இரவு 10.40

ஒட்டாதீர்கள். ஒட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

வாக்வாவில் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறோம். 2022-இல் எனக்கும் இதே யோசனை வந்தது. மரப்பலகை மாதிரி அச்சடித்த வால்பேப்பர், ஐந்து ரோல். ஒரே மத்தியானத்தில் ஒட்டி முடித்துப் படம் எடுத்து ஈரோட்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். "ஓட்டல் ரூம் மாதிரி இருக்குடா" என்றாள். நாலு மாதம் ஓட்டலாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மூலையில் காகிதம் புடைத்தது, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. இழுத்தேன். காகிதத்தோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. பின்னால் சுவர் முழுக்கப் பூசணம். ஒட்டும்போது புள்ளியாக இருந்தது, உரிக்கும்போது உலக வரைபடம்.

பிளாஸ்டிக் பூசிய காகிதத்தை ஈரச் சுவரில் ஒட்டுவதும் ஈரத் துணியைப் பையில் போட்டுக் கட்டி வைப்பதும் ஒன்றுதான். பதினாறு வருடமாகச் சாய ஆலையில் வேலை பார்க்கிறேன். ஈரத் துணியைக் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன்.

முதலில் அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் எழுதுகிறேன்.

12 செப்டம்பர், காலை 6.20

சமையலறையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு முழச் சதுரமாக வெட்டுங்கள். கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்னதை நாமே சரி செய்யலாம். பின்னதற்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வீண்.

நானும் இன்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ராத்திரி எழுதியதை எட்டிப் பார்த்த மனைவி, "ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நம் சுவர் எப்படி இருக்கிறது?" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வால்பேப்பரை உரித்த பிறகு அந்தச் சுவரை நான் ஒன்றுமே செய்யவில்லை. பீரோவை நகர்த்தி அதற்கு முன்னால் வைத்துவிட்டேன்.

12 செப்டம்பர், காலை 6.31

ஆமாம், மூன்று வருடம்.

13 செப்டம்பர், மாலை

"எல்லாச் சுவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறது, ஏன் ஒன்று மட்டும் கறுக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஊரிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு இது புரியவே சில வருடம் ஆகும். ஈரோட்டில் சூரியன் வருடத்தில் பெரும்பகுதி தெற்குப் பக்கமாகப் போகும், அதனால் வடக்குச் சுவர் குளிர்ச்சி. மொரிஷியஸ் பூமத்திய ரேகைக்குக் கீழே 20 டிகிரியில் இருக்கிறது. இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்குச் சுவர் மாதக்கணக்கில் வெயிலே பார்க்காது. போதாததற்கு வருடம் முழுக்க வீசும் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, சாரலும் அதோடுதான் வரும். வாக்வா, க்யூர்பிப் மாதிரி மேட்டு ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

ஆக தென்கிழக்குச் சுவர் சில்லென்று இருக்கும். ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் மூச்சு விட்டால் அந்த ஈரம் எங்கே போய் உட்காரும்? மிகக் குளிர்ந்த இடத்தில். அந்தச் சுவரை ஒட்டிக் காற்றே புகாமல் ஒரு பீரோவும் நின்றால் பூசணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி.

உங்கள் கறுத்த சுவர் எந்தத் திசை?

14 செப்டம்பர், ஞாயிறு (கேள்வி கேட்டவர்)

தெற்கு. முன்னால் துணி அலமாரி. தாளின் வெளிப்பக்கம்தான் நனைந்திருக்கிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா?

14 செப்டம்பர், இரவு 9 மணி

அப்படியானால் பிழைத்தீர்கள். அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலை அரை மணி நேரம் முழுதாகத் திறந்து விடுங்கள். ஈரத் துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள். ஆறாயிரத்தில் இன்னும் ஒரு ரூபாய் குறையவில்லை, பார்த்தீர்களா?

என் தாளும் வெளிப்பக்கம்தான் நனைந்திருந்தது. இன்றைக்கே பீரோவை நகர்த்தினோம். அது தனிக் கதை. கீழே போய் மாமியாரிடம், "அத்தை, பீரோவை மாற்றப் போகிறேன், மாமாவைக் கொஞ்சம் கை கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்குக் கோயில் தமிழ் தெரியும், என் தமிழ் பாதிதான் தெரியும். இங்கே எல்லோரும் பேசும் க்ரெயோல் மொழியில் பீரோ என்றால் ஆபீஸ். மாப்பிள்ளை வேலையை மாற்றுகிறான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போகிறான் என்று நினைத்துவிட்டார். அலமாரிக்கு அவர்கள் சொல்வது லார்ம்வார். நம் பீரோவும் அவர்கள் பீரோவும் ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்குப் பிறந்தவைதான். ஒன்று துணி அடுக்கப் போய்விட்டது, இன்னொன்று வேலைக்குப் போய்விட்டது.

பீரோ போன பிறகு அறை இரண்டடி அகன்ற மாதிரி இருக்கிறது. வாசலில் நின்றால் இப்போது ஜன்னல் தெரிகிறது. இதை ஏன் மூன்று வருடம் முன்பே செய்யவில்லை என்று யாரும் கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாயிற்று.

16 செப்டம்பர்

திருத்தம். என் சுவர் காற்று ஈரம் மட்டும்தான் என்று எழுதியது பாதி உண்மை. நான் தாள் ஒட்டியது இடுப்பு உயரத்தில். பீரோவை எடுத்த பிறகு மேல் மூலையில், கூரையை ஒட்டி, தேநீர் சிந்தினது போல ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தது. அங்கே இன்னொரு தாள் ஒட்டினேன். உள்பக்கம் வேர்த்துவிட்டது.

மொட்டை மாடிக்கு ஏறினேன். இங்கே எல்லா வீட்டிலும் இருப்பது போல, என்றாவது மூன்றாவது மாடி வரும் என்று விட்டு வைத்த கம்பிகள் நிற்கின்றன. தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் பக்கத்து வீட்டு லொங்கான் மர இலை அடைத்து, குளம் மாதிரி தேங்கியிருந்தது. அடியில் என் மூலை. இலையை அள்ள இருபது நிமிடம் ஆனது. இலை விழாமலிருக்க வாயில் ஒரு கம்பி வலைத்துண்டைச் சுருட்டி வைத்தேன்.

கான்கிரீட் தளத்துக்கு இங்கே தால் என்று பெயர். தாலில் ஓட்டை என்று முதல் வருடம் ஒருவர் சொன்னபோது நான் சாப்பாட்டைப் பற்றி என்று நினைத்தேன்.

ஆகவே: தாளை ஒரே இடத்தில் ஒட்டாதீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

17 செப்டம்பர்

பூசணத்தைத் துடைப்பது பற்றி. முதலில் சோப்புத் தண்ணீரில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது தூளாகப் பறந்து மூக்குக்குள் போகும். பிறகு ழாவெல், ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு, பிளீச்சுக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். கையுறை, முகமூடி, திறந்த ஜன்னல். பத்து நிமிடம் விட்டுச் சுத்தத் தண்ணீரில் துடைத்து, முழுதாகக் காயும் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது.

வினிகர் நல்லது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ழாவெல் போட்ட சுவரில் வினிகர் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம். ஆலையில் வருடா வருடம் இதற்கு வகுப்பு எடுக்கிறோம். வீட்டில் மனைவி ஒரு கையில் வினிகர் பாட்டிலோடு வந்து நின்றபோதுதான் அந்த வகுப்பை வீட்டில் எடுத்ததே இல்லை என்று உறைத்தது.

இன்று புரட்டாசி முதல் நாள். கீழ் வீட்டில் மீன், கோழி எல்லாம் நின்றுவிட்டது.

18 செப்டம்பர்

பழைய குடியிருப்பு ஒன்றிலிருந்து எழுதிய தம்பிக்கு மட்டும்: சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் நில்லுங்கள். 1960-இல் கரோல் சூறாவளி வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு கட்டிய குடியிருப்புகளில் சில ஆஸ்பெஸ்டாஸ் தகடு வைத்தவை. அந்தத் தகட்டைத் தேய்க்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சேதமில்லாத தகடு என்றால் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் மட்டும் அடிக்கலாம். ஆணி அடிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு

நிறம். இதில் நான் வாய் திறக்கலாம், சோறு போடுவதே இதுதான்.

நேற்று ஹார்ட்வேர் கடையில் அட்டையைப் பார்த்து ஏலக்காய்ப் பச்சை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்ச்சியாக, மெல்லிசாக. சின்ன மாதிரி டப்பா வாங்கி வந்து ராத்திரி சுவரில் ஒரு சதுரம் அடித்தேன். மனைவி பார்த்துவிட்டு, "பருப்பு வேக வைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது" என்றாள். இருந்தது. கடையில் இருந்தது வெள்ளை ட்யூப். எங்கள் அறையில் மஞ்சள் பல்பு, 2700 கெல்வின். பச்சையில் இருந்த கொஞ்சம் நீலத்தை அந்த விளக்கு காட்டவே இல்லை.

ஆலையில் ஒரு துணி ஷேட்டை ஒப்புக்கொள்ளும் முன் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பகல் ஒளி, கடை ஒளி, வீட்டு மஞ்சள் ஒளி என்று மூன்றிலும் பார்ப்போம். டி65, டிஎல்84, ஏ என்று அவற்றுக்குப் பெயர். இந்த மெட்டாமெரிசத்தால் எத்தனையோ லாட் திரும்பி வந்திருக்கிறது. அத்தனையும் தெரிந்தவன் வீட்டுச் சுவருக்கு ட்யூப் லைட்டில் நிறம் பார்த்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் மாதிரிப் பெயின்ட் அடித்து, நாலு சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலை, மத்தியானம், ராத்திரி விளக்கில் பாருங்கள். படுக்கையறையை நாம் அதிகம் பார்ப்பது ராத்திரிதான். சுவரிலேயே அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பும்.

22 செப்டம்பர்

சரி, பிடித்துவிட்டார்கள். ஒரு நிறம் விளக்குக்கு விளக்கு மாறித் தெரிவதை மெட்டாமெரிசம் என்று எழுதியது தப்பு. இரண்டு பொருள் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்பதுதான் அது. பதினாறு வருட சர்வீஸ். யாரும் என் மேலாளருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

26 செப்டம்பர்

பெயின்ட் எவ்வளவு வேண்டும்? கேள்வி கேட்டவர் அறை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் 2.6 என்று வைத்தால் சுவர் சுமார் 31 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு நாலு கழித்தால் 27. இரண்டு கோட், 54. டப்பாவில் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். ஆக ஐந்து லிட்டர் டப்பா ஒன்று, கொஞ்சம் இழுத்துப் பிடித்து.

28 செப்டம்பர், ஞாயிறு இரவு

இழுத்துப் பிடிக்க முடியவில்லை. கணக்கைத் தூக்கிப் போடுங்கள்.

எங்கள் அறைக்கு 32 சதுர மீட்டர், இரண்டு கோட்டுக்கு 64, லிட்டருக்கு 12 என்ற டப்பா வாக்கை நம்பி, குறைவதை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஐந்து லிட்டர் வாங்கினேன். சனிக்கிழமை காலை ஆரம்பம். தேய்த்து, தூசி தட்டி, ஓட்டைகளுக்குப் பட்டி வைத்த சுவர் முதல் கோட்டைக் கோடைக்கால மண் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தது. டப்பாவில் போட்டிருப்பது வழவழப்பான சுவருக்கான கணக்கு. முதல் கோட்டுக்கு லிட்டருக்கு ஏழு, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மலிவான வெள்ளை பிரைமர் ஒரு கோட் முதலில் அடித்துவிடுங்கள்.

மூன்று சுவர் முடிந்தபோது டப்பாவில் ஒரு கரண்டி மிச்சம். ஞாயிறு மத்தியானம், கடை பூட்டு. பிரைமர் வெள்ளை அரை டப்பா இருந்தது. நாலாவது சுவருக்கு அதைப் பூசி, மேலே வீட்டில் கிடந்த வெள்ளையை அடித்தேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அது. காலையில் வெளிச்சம் நேராக அதில் விழுந்து அறை முழுக்கத் திரும்புகிறது. பத்திரிகைகளில் ஒரு சுவரை மட்டும் வேறு நிறமாக அடித்து அதற்கு ஒரு பெயரும் வைக்கிறார்களே, அதில் பாதிப் பேருக்காவது பெயின்ட் தீர்ந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

நிறம் எது என்று கேட்டவருக்கு: சாம்பல் கலந்த வெளிர் நீலம். அட்டையை நாலு நாள் சுவர் சுவராக இழுத்தடித்த பிறகு.

29 செப்டம்பர்

பெயின்ட் அடித்த முதல் ராத்திரி அந்த அறையில் படுக்காதீர்கள். நாங்கள் கீழே கூடத்தில் பாய் விரித்தோம். மாமனார் குறட்டை விடுவார் என்பது பதினோரு வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி.

2 அக்டோபர்

திரைத்துணி. க்ரெயோலில் ரிதோ.

காத்ர் போர்ன் சந்தையில் வியாழனும் ஞாயிறும் துணிக்கடைகள். அங்கே போனால் விலையைக் கேட்கும் முன் துணிக்கட்டின் வெளி மடிப்பைப் பாருங்கள். நாள் முழுக்க வெயில் படுகிற ஓரம் அது. அந்த மடிப்பில் வெளுத்த கோடு இருந்தால் உங்கள் ஜன்னலிலும் ஒரே வருடத்தில் அதே வெளுப்பு வரும். வெயிலுக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எங்கள் தொழிலில் 1 முதல் 8 வரை ஒரு நீலக் கம்பளி அளவுகோல் உண்டு. சந்தைக்காரரிடம் அதைக் கேட்டால் சிரிப்பார். வெளி மடிப்பு பொய் சொல்லாது.

அளவு: கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். நேர் அளவுக்கு வாங்கினால் போர்வையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கம்பியை ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி அடியுங்கள். துணி தரையைத் தொடட்டும். சின்ன ஜன்னலும் பெரிதாகத் தெரியும், பகலில் திரை கண்ணாடியை மறைக்காமல் ஒதுங்கி நிற்கும்.

மீட்டர் 130 ரூபாய்க்குப் பருத்தி, ஆறு மீட்டர் எடுத்தேன். பேரம் பேசினது மனைவி. நான் பேசினால் என் க்ரெயோலைக் கேட்டுப் பத்து ரூபாய் ஏற்றுவார்கள்.

5 அக்டோபர்

துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டித் தைத்துவிட்டேன்.

ஆமாம். நான்தான். தைத்த பிறகு துவைத்தேன். பருத்தி ஐந்து சதவீதம் சுருங்கியது. 2.4 மீட்டரில் ஐந்து சதவீதம் 12 சென்டிமீட்டர். இப்போது திரை, வளர்ந்த பையனின் பழைய கால்சட்டை மாதிரி தரைக்கு மேலே நிற்கிறது. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கீழே தன் பழைய சேலை ஒன்றின் கரையை வெட்டி மேலே கொண்டுவந்து வைத்தார். மாம்பழ மஞ்சள் கரை, ஒரு கையகலம். அடியில் வைத்துத் தைத்தோம். அறைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அந்தக் கரையைப் பற்றித்தான்.

இன்னொன்று. கடையில் இந்த நீலத்துணியையும் சுவர் அட்டையையும் பக்கத்தில் வைத்தபோது அச்சாக ஒன்று. ராத்திரி பல்பு போட்டால் துணி லேசாக ஊதாப் பக்கம் போகிறது. இதுதான் மெட்டாமெரிசம். இந்த முறை சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

7 அக்டோபர்

விளக்கு பற்றிச் சுருக்கமாக. நடுக்கூரையில் ஒற்றை ட்யூப் வேண்டாம். தலைமாட்டில் ஒன்று, எதிர் மூலையில் தாழ்வாக ஒன்று, இரண்டுமே மஞ்சள் எல்.இ.டி. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் 9 வாட் எல்.இ.டி.யில் கிடைக்கும், சுமார் 800 லூமென். வாட்டைப் பார்க்காமல் லூமெனைப் பார்த்து வாங்குங்கள். இங்கே மூன்று முள் பிரிட்டிஷ் பிளக்கும் இரண்டு முள் ஐரோப்பியப் பிளக்கும் புழக்கத்தில் இருப்பதால், விளக்கு வாங்கும்போது உங்கள் சுவர்ப் பெட்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேனா மூடியால் மேல் துளையை அழுத்திச் செருகுகிற வித்தையை என் மாமனார் செய்வார், நீங்கள் செய்யாதீர்கள்.

8 அக்டோபர்

ஒட்டும் கொக்கி, எட்டு, 225 ரூபாய். ராத்திரி இரண்டரை மணிக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று வரிசையாக விழுந்தன. புதுப் பெயின்ட் சில வாரம் கழித்துத்தான் முழுதாக இறுகும், அதற்குள் எதை ஒட்டினாலும் தோலோடு வரும். படச் சட்டம் மாட்ட வேண்டுமென்றால் டிரில் போட்டுப் பிளக் வைத்துத் திருகுங்கள். அல்லது மாட்டாமல் மேசைமேல் சாய்த்து வையுங்கள், நாங்கள் அப்படித்தான்.

10 அக்டோபர்

கட்டிலில் எந்தப் பக்கம் தலை வைப்பது என்று இங்கே படிப்பவர்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு." சின்ன வயதில் பாட்டி சொல்லித் தூக்கத்தில் புரண்டு படுத்தாலே பயமாக இருக்கும். பூமத்திய ரேகைக்குக் கீழே வந்துவிட்டால் வடக்கு தெற்காகுமா என்று ஒருவர் காந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, கீழ் வீட்டுக்காரம்மாவிடம் பயம் இருக்கிறது. தெற்கே தலை வைத்தால் அந்த ஈரச் சுவர். கிழக்கே வைத்தோம். ஜன்னலுக்கு நேர் கீழே கட்டிலைப் போடாதீர்கள் என்பது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. நவம்பரிலிருந்து சூறாவளிக் காலம், கண்ணாடிக்கு அடியில் தலை வேண்டாம்.

11 அக்டோபர்

தலைமாட்டுக்கு, சரக்கு அடுக்கும் பேலட் பலகை வைக்கலாமா என்றால் வைக்கலாம். பலகையில் சூடு வைத்த முத்திரையைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஹெச்-டி என்றால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது, நல்லது. எம்-பி என்றால் மெத்தில் புரோமைடு நச்சு வாயு போட்டது, தலைமாட்டுக்கு வேண்டவே வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம். நான் வைக்கவில்லை. தலைமாட்டில் பாயை மாட்டியிருக்கிறேன்.

12 அக்டோபர்

எந்தப் பாய் என்று ஐந்து பேர். தாழம்பாய். வாக்வா என்ற எங்கள் ஊர்ப் பெயரே தாழை மரத்தின் பெயர்தான். அதன் ஓலையில் பாய், கூடை, தொப்பி எல்லாம் பின்னுவார்கள், ரொட்ரிக் தீவிலும் உண்டு. 700 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. ஊரில் தாழம்பூவைச் சடையில் வைப்போம், பாயும் முடைவோம்; அந்த மரத்தின் பெயர் வைத்த ஊரில் பதினோரு வருடம் குடியிருந்தும் இது தாழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாயைத் தூக்கி மோந்து பார்த்தபோதுதான் பாட்டி வீட்டுத் திண்ணை வந்தது.

மாட்டியது சுவரில் இல்லை, கட்டிலின் மரச் சட்டத்திலேயே கயிறு போட்டு. ஈரச் சுவரில் ஓலையை மாட்டினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

14 அக்டோபர்

கணக்கு கேட்கிறார்கள். பெயின்ட் 1,650. ரோலர், பிரஷ், டேப், பட்டி எல்லாம் சேர்த்து 520. ழாவெல், சோப்பு 140. பல்பு இரண்டு 240. துணி 780. திரைக்கம்பி 450. பாய் 700. பிளக், திருகாணி 60. விழுந்த கொக்கிகள் 225. மொத்தம் 4,765. மாதிரி டப்பாவும் அந்தப் பருப்புத் தண்ணீர் நிறமும் இதில் இல்லை, அது ஆலைக்காரன் கர்வத்துக்குக் கட்டிய வரி.

இதில் அறையை உண்மையில் மாற்றியது எது என்று கேட்டால் பீரோவை நகர்த்தியதும் இலையை அள்ளியதும். இரண்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்தது விளக்கு. பெயின்ட் நாலாவது இடம்தான், ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் பெயின்ட்டைத்தான் பாராட்டுகிறார்கள்.

18 அக்டோபர் (கேள்வி கேட்டவர்)

வால்பேப்பர் வாங்கவில்லை. அலமாரியைத் தள்ளினோம், துடைத்தோம், இரண்டு நாள் காயவிட்டு ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட். புதுத் திரை, நனைத்துவிட்டுத்தான் தைத்தேன். 2,900 ரூபாய். மாமியார் இன்று காலை வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அலமாரி முன்பு அந்தப் பக்கம் இருந்ததே?" என்றார். அவ்வளவுதான்.

18 அக்டோபர், இரவு

அது பாராட்டு. என் மாமியாரோடு பதினோரு வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. இன்று காலை அந்தத் தென்கிழக்குச் சுவரில், கண் உயரத்தில், கறுப்பாக ஒரு புள்ளி. வயிறு கலங்கிவிட்டது. டார்ச் அடித்தேன், விரலால் தொட்டேன், பிளாஸ்டிக் தாளும் டேப்பும் எடுத்துக்கொண்டு வந்தேன். சத்தம் கேட்டு மேலே வந்த மாமியார் புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை நனைத்து ஒரு துடைப்புத் துடைத்தார். போய்விட்டது. நேற்று ராத்திரி பேரனைக் கடிக்க வந்த கொசுவாம், அவர்தான் செருப்பால் அடித்தாராம்.